வேலை முடிந்த பிறகும் மருந்து தந்த செந்தூரான்

செந்தூர் முருகனை நம்பி வாழும் அன்பர்களே, எனக்கு நடந்ததை உள்ளபடி சொல்கிறேன்.

1974, தை மாதம். தூத்துக்குடியில் ஒரு நூற்பாலையில், பஞ்சைப் பிரித்து உதறும் பகுதியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் ஷிப்டு நடுவில் இருமினேன். உள்ளங்கையில் ரத்தம். தொண்டையில் பஞ்சு அடைப்பது எங்களுக்குப் பழக்கம்தான். ரத்தம் பழக்கமில்லை.

தொழிலாளிகளுக்கான இ.எஸ்.ஐ. மருந்தகத்து டாக்டரம்மா நெஞ்சைப் படம் எடுக்கச் சொன்னார்கள். டி.பி. என்று தெரிந்தது.

"ஒன்றரை வருஷம் ஊசியும் மாத்திரையும் எடுக்கணும். நடுவுல நிறுத்தவே கூடாது" என்றார்கள்.

தலையாட்டிவிட்டு வந்தேன். வழியெல்லாம் மாதக்கணக்குப் போட்டேன். வைகாசியில் எனக்கு ஐம்பத்தெட்டு முடிகிறது. அதோடு வேலை இல்லை. சம்பளம் இல்லையென்றால் இ.எஸ்.ஐ.க்குப் பிடித்தமும் இல்லை. பிடித்தம் இல்லாதவனுக்கு இ.எஸ்.ஐ. ஏது?

மில் ஆபீசில் ஒரு தம்பியிடம் கேட்டேன். "இ.எஸ்.ஐ. கார்டு ரிடையராகுற அன்னைக்கோட சரி அண்ணாச்சி. பொறவு உள்ள விடமாட்டாவ" என்றான். அவன் வேண்டுமென்றே பொய் சொல்லவில்லை. எங்கள் எல்லோருக்கும் அப்படித்தான் தெரியும்.

வைகாசியில் மாலை போட்டு அனுப்பினார்கள். மறுநாளிலிருந்து நான் ஊசிக்குப் போகவில்லை. வாசலில் நிறுத்தித் திருப்பி அனுப்பினால் அதைத் தாங்க முடியாது என்று தோன்றியது.

"ஒருக்கா போய்க் கேட்டாத்தான் என்னவாம்?" என்றாள் என் மனைவி சண்முகத்தாய்.

"கேட்டு, இல்லைன்னு சொல்லிட்டா?"

சர்க்கார் ஆஸ்பத்திரிக்கும் ஒருநாள் போனோம். வரிசை வாசலைத் தாண்டி நின்றது. எனக்கு நிற்கத் தெம்பில்லை. வீட்டுக்கே திரும்ப முத்தையாபுரம் பஸ் ஏறிவிட்டோம்.

அதன் பிறகு வீடே கதி. சாயங்காலமானால் காய்ச்சல். எனக்குத் தனித் தட்டு, தனி டம்ளர். கைக்குழந்தையோடு இருக்கும் மகளை இந்தப் பக்கமே வராதே என்று சொல்லிவிட்டோம். அவள் தெருவில் நின்று அழுதுவிட்டுப் போனாள். உடம்பு கரைந்துகொண்டே வந்தது. சண்முகத்தாய் விளக்கேற்றி முருகா முருகா என்பாள். படுத்தபடி கேட்டுக்கொண்டிருப்பேன். எனக்குக் கும்பிடக்கூட வாய் வரவில்லை.

ஆடிக் கிருத்திகை வந்தது. "எந்திரிங்க. அவன் வாசல்ல போய் விழுவோம். போற உசுரு அங்கன போகட்டும்" என்றாள். என்னை ஏறக்குறையத் தூக்கித்தான் பஸ்ஸில் ஏற்றினாள்.

திருச்செந்தூரில் ஜனக்கடல். கோயிலுக்குள் போகும் வரிசையில் நிற்க முடியாமல் மணலில் உட்கார்ந்தேன். கோபுரம் தெரிந்தது. அன்றுதான் வாய் திறந்தது. "முருகா, ஒண்ணு என்னை எடுத்துக்கோ. இல்ல, வழியைக் காட்டு. எனக்கு ஒண்ணும் தெரியல." அதற்குள் இருமல் புரட்டி எடுத்தது. மணலில் ரத்தம். பக்கத்தில் இருந்தவர்கள் எழுந்து விலகினார்கள். சண்முகத்தாய் தன் முந்தானையால் என் வாயைப் பொத்தினாள்.

"நீங்க மில்லு சுடலைமுத்துதானே?"

நிமிர்ந்து பார்த்தேன். கோயில் பக்கத்து நாழிக்கிணற்றில் தீர்த்தமாடிய ஈரத்தலையோடு, தன் அம்மாவின் கையைப் பிடித்தபடி, அதே இ.எஸ்.ஐ. டாக்டரம்மா.

"ஏன் ஊசிக்கு வரலை? நாங்க உங்க பேரைக் கூப்பிட்டுக்கிட்டே இருந்தோமே!"

"ரிடையராயிட்டேம்மா."

"அதனால?"

"கார்டு முடிஞ்சு போச்சுல்லா."

டாக்டரம்மா முகம் சிவந்தது. "யார் சொன்னா? நீங்க கட்டின பணத்துக்குப் பலன் வேலை விட்ட அன்னைக்கே முடிஞ்சிடாது. அதுவும் வேலையில இருக்கும்போதே ஆரம்பிச்ச வைத்தியம் இது. இந்த நோய்க்கு நடுவுல நிறுத்த மாட்டாங்க. நாளைக்குக் காலையில வாங்க, நானே ஆபீசுக்குக் கூட்டிட்டுப் போறேன்."

சண்முகத்தாய் அப்படியே மணலில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

மறுநாள் இ.எஸ்.ஐ. ஆபீசிலும் அதையே உறுதியாகச் சொன்னார்கள். நெஞ்சுநோய் ஆஸ்பத்திரியில் படுக்கை கிடைத்தது. ஆனால் இடையில் மருந்தை விட்டதால் நோய் முற்றியிருந்தது. சில மாதம் டாக்டர்களே நம்பிக்கையாக ஒன்றும் சொல்லவில்லை. சொன்னதைவிட நீண்ட காலம் மருந்து எடுத்தேன். ஒரு பக்க நுரையீரல் இன்றும் சரியாக வேலை செய்யவில்லை. நாலு வார்த்தை பேசினால் மூச்சு வாங்கும். ஆனால் உயிரோடு இருக்கிறேன். பேத்தி என் மடியில் உட்காருகிறாள்.

கிருத்திகைக்கு எல்லோரையும்போல அந்த டாக்டரம்மாவும் வந்தார்கள், அவ்வளவுதான் என்று சிலர் சொல்கிறார்கள். சொல்லட்டும். அத்தனை ஜனத்தில், நான் விழுந்து கிடந்த இடத்துக்கு அவர்களைக் கூட்டிவந்தது யார் என்று எனக்குத் தெரியும்.

இப்போது மில் வாசல் டீக்கடையில் உட்கார்ந்து, ஓய்வு நெருங்கியவர்களைப் பிடித்துக் கேட்கிறேன். "ஏலே, ஆபீசுல போய்க் கேட்டியா? யாரோ சொன்னதை நம்பிக்கிட்டு இருக்காத." பயந்தால் கூடவே போகிறேன். சிலருக்கு 'இல்லை' என்றுதான் பதில் வருகிறது. அவர்களோடு சர்க்கார் ஆஸ்பத்திரி வரிசையில் நிற்கிறேன்.

அன்பர்களே, வழி தெரியாத நாள் உங்களுக்கும் வரலாம். வீட்டுக்குள் சுருண்டு படுத்துவிடாதீர்கள். எப்படியாவது அவன் வாசலுக்கு வந்துவிடுங்கள். சொல்லத் தெரியாவிட்டால் அழுங்கள், அவனுக்குப் புரியும். வருகிற கிருத்திகைக்கு நானும் சண்முகத்தாயும் நாழிக்கிணற்றுப் பக்கம் இருப்போம். யாரும் துணைக்கு இல்லையென்றால் எங்களைத் தேடி வாருங்கள்.