செல்லக்கனி அக்காவின் ஃபுளோரைடு பகை

காலடிப்பேட்டையில் செல்லக்கனி அக்காவின் மளிகைக் கடையில் நீங்கள் கேட்கும் டூத்பேஸ்ட் கிடைக்காது. அவர் கொடுக்கிற டூத்பேஸ்ட்தான் கிடைக்கும். அட்டைப்பெட்டியைத் திருப்பி, பொடி எழுத்தில் ஃபுளோரைடு என்று போட்டிருக்கிறதா என்று பார்ப்பார். போட்டிருந்தால் அது அரிசி மூட்டைக்குப் பின்னால் போய்விடும். குழந்தைக்கு என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், பிரசங்கமே ஆரம்பமாகிவிடும்.

"இன்னாக்கா, வாங்குறது நானு. அந்தப் பேஸ்ட்ட எங்க ஒளிச்சு வச்சுகினு கீற?" என்று ஐஸ் வியாபாரி அமீருதீன் ஒருநாள் கடை வாசலில் கத்தினார்.

"பிள்ளைக்கு வெசத்த வாங்கிக் குடுப்பியளோ? பேசாம இத எடுத்துட்டுப் போங்க," என்றார் அக்கா.

அமீருதீன் முனகிக்கொண்டே எடுத்துப் போனார். அக்காவிடம் வாய் கொடுத்து ஜெயித்தவர் எங்கள் தெருவில் யாருமில்லை. கடைக்கு மேலே மாடியில் குடியிருக்கும் நானும் அவர் நீட்டியதைத்தான் வாங்கினேன். எரிச்சலாகத்தான் இருந்தது. காரணம் தெரிந்த பிறகு திட்ட மனம் வரவில்லை.

அக்காவின் ஊர் தெற்கே கரிசல்காட்டில். ஊருக்கே ஒரு ஆழ்துளைக் கிணறு. அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்த பிள்ளைகளுக்குப் பால் பல் விழுந்து முளைக்கிற பல் வெள்ளைத் திட்டோடு முளைத்து, போகப்போகப் பழுப்புக் கோடாகிவிடும். என்ன தேய்த்தாலும் போகாது. அக்கா பள்ளிக்கூடத்தில் படித்தபோது தண்ணீரைச் சோதிக்க வந்தவர்கள், இதில் ஃபுளோரைடு அதிகம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அன்றைக்குப் பிடித்த பகை. பெண் பார்க்க வந்தவர்கள் அக்கா வாயைத் திறக்கும் வரை நன்றாகத்தான் பேசிக்கொண்டிருப்பார்களாம். அப்புறம் சொல்லி அனுப்புகிறோம் என்று எழுந்து போனவர்கள் போனவர்கள்தான். கடைசியில் கன்டெய்னர் லாரி ஓட்டும் ஆசீர்வாதம் அண்ணன் இங்கிருந்து போய்ப் பார்த்தார். "பல்ல வச்சு இன்னா பண்ணப் போறோம்? ஆளு ஷோக்கா கீது," என்று வீட்டில் சொல்லிவிட்டாராம். ஆனாலும் கல்யாண ஆல்பத்தில் ஒரு படத்தில்கூட அக்காவின் பல் தெரியாது.

மகள் ரெஜினா பிறந்ததும் அக்கா முடிவெடுத்தார்: அந்தச் சனியன் பிள்ளையின் வாய்க்குள் போகக்கூடாது. ரெஜினாவுக்குப் பல் முளைத்த நாளிலிருந்து ஃபுளோரைடு இல்லாத, ஸ்ட்ராபெரி வாசனை அடிக்கும் ரோஸ் கலர் பேஸ்ட்தான். தேன்மிட்டாய் பாட்டில் பிள்ளையின் கைக்கு எட்டுகிற இடத்தில் இருந்தது. அதைப் பற்றி அக்காவுக்குச் சந்தேகமே வரவில்லை. எதிரி யார் என்றுதான் முன்னாலேயே தெரியுமே!

போன மழைக்காலத்தில் இரண்டாம் வகுப்பு படிக்கும் ரெஜினா, சோற்றை மெல்ல முடியாமல் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அக்கா செல்போன் டார்ச்சை அடித்து வாய்க்குள் பார்த்தார். கீழ்ப் பால் பல் ஒன்றில் கறுப்பாக ஓட்டை. அதற்குப் பின்னால் புதிதாக முளைத்திருந்த கடைவாய்ப் பல்லில் சுண்ணாம்பு தொட்ட மாதிரி ஒரு வெள்ளைத் திட்டு. ஓட்டையைப் பார்த்து அக்கா பயப்படவில்லை. திட்டைப் பார்த்ததும் அவருக்குக் கைகால் ஓடவில்லை.

"எங்க ஊர்ல இப்பிடித்தான், மொதல்ல வெள்ளையாத்தான் தெரியும்," என்று மாடியேறி வந்து என்னிடம் அழுதார். "எப்பிடியோ உள்ள போயிருக்கு. எம்பிள்ளைக்கும் வந்துட்டு."

அண்ணன் எண்ணூருக்கு லோடு ஏற்றிப் போயிருந்தார். நான் ஸ்கூட்டரை எடுத்தேன். லாரிகளுக்கு நடுவே புகுந்து புகுந்து தண்டையார்பேட்டையில் இருக்கும் பல் டாக்டர் ஜஸீமாவிடம் இருவரையும் கொண்டுபோய்ச் சேர்த்தேன். வழியெல்லாம் அக்கா வேண்டிக்கொண்டே வந்தார்.

டாக்டர் பொறுமையாகப் பார்த்தார். "அக்கா, இது ஃபுளோரைடு கறை இல்ல. சொத்தை ஆரம்பிக்குது. என்ன பேஸ்ட் தேய்க்கிறா?"

அக்கா பெருமையாகச் சொன்னார். ஏன் என்ற கதையையும் சொன்னார். டாக்டர் சிரிக்கவில்லை. அதற்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போனது.

"உங்க ஊர்ல அது தண்ணியில அளவுக்கு மீறி இருந்திருக்கு. பல்லு ஈறுக்குள்ள உருவாகுறப்பவே, வருஷக்கணக்கா வயித்துக்குள்ள போயிருக்கு. அதான் கறை. பேஸ்ட்ல இருக்குறது வெளியிலிருந்து பல்ல இறுக வைக்கும். பட்டாணி அளவு வச்சுத் தேய்ச்சு, துப்பிடணும். அவ்ளோதான். நீங்க எதுக்குப் பயந்தீங்களோ, அதுதான் இவளுக்கு வேணும்."

"நீங்க படிச்சவிய, லேசா சொல்லிருவிய. கண்ணாடில தெனமும் பாக்குறவ நானுல்லா?" அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது.

டாக்டர் கோபப்படவில்லை. "ஓட்டை விழுந்தது பால் பல்லு, அடைச்சிடலாம். பின்னாடி இருக்குறது விழுந்து முளைக்காது, ஆயுசுக்கும் அதான். அதுல இன்னும் ஓட்டை விழல. இப்பப் பிடிச்சா பல்லு தேறிடும். விட்டா இதுவும் போயிடும். முடிவு உங்க கையில."

அக்கா தலையை ஆட்டியதும் டாக்டர் ஓட்டையை அடைத்து, புதுப் பல்லுக்கு மருந்து பூசி அனுப்பினார்.

மறுநாள் காலையில் அரிசி மூட்டைக்குப் பின்னாலிருந்து ஒரு பெட்டி வெளியே வந்தது. பிரஷ்ஷில் வைத்ததை அக்கா கடைப் பட்டாணி ஒன்றோடு அளந்து பார்த்ததை நானே பார்த்தேன். "துப்பு... துப்புட்டி! முழுங்கிராத!" தெரு முழுக்கக் கேட்டது. தினமும் அந்தச் சத்தத்தில்தான் நாங்கள் எழுந்தோம். சாயங்காலம் டார்ச் அடித்துச் சோதனை. "போலீஸ்காரன் கூட இவ்ளோ டார்ச் அடிக்க மாட்டான்," என்று அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். தேன்மிட்டாய் பாட்டில் மேல் தட்டுக்குப் போனது. கடையில் பிரசங்கம் நின்றது. யாராவது கேட்டால், "டாக்டரக் கேட்டுக்கிடுங்க," என்பதோடு சரி. தன் பிள்ளையின் பல் என்ன ஆகும் என்று தெரியாமல் ஊருக்குச் சொல்ல அவருக்கு மனம் இல்லை.

வெயில் காலம் வந்ததும் மறுபடி டாக்டரிடம் போனோம். இந்த முறை அண்ணனும் கூட வந்தார். டாக்டர் அந்தக் கடைவாய்ப் பல்லைக் காற்றடித்துக் காயவைத்து வெகுநேரம் பார்த்தார். அக்கா என் கையைப் பிடித்த பிடியில் வளையல் அழுந்தி வலித்தது.

"கெட்டியாயிடுச்சு அக்கா. லேசா தடம் இருக்கும், அது ஒண்ணும் பண்ணாது. ஓட்டை இல்ல. பல்லு தப்பிச்சுது."

எனக்கே அப்பாடா என்றிருந்தது. அண்ணன் சத்தமாக இயேசப்பாவுக்கு நன்றி சொன்னார். அக்கா நாற்காலியில் உட்கார்ந்து ஓவென்று அழுதுவிட்டார்.

"நான் எதுக்குப் பயந்து கெடந்தேன், டாக்டர்? என்னைய மாதிரி ஆயிருவாளோன்னுதான். அது மட்டும் ஆகிறக் கூடாதுன்னுதான்..."

வாயில் பஞ்சோடு படுத்திருந்த ரெஜினா எழுந்து உட்கார்ந்தாள். பஞ்சைத் துப்பினாள்.

"உன்ன மாதிரி ஆனா இன்னாம்மா?" என்றாள். விளையாட்டுக்குக் கேட்கவில்லை. நிஜமாகவே அவளுக்குப் புரியவில்லை.

அக்கா அழுகையை நிறுத்தி மகளைப் பார்த்தார். ஏழு வயதுப் பிள்ளையைக் கைக்குழந்தை மாதிரி தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, அவ்வளவு கனத்தோடு படியிறங்கிப் போனார்.