அடுப்புக்கு நான் சொன்ன சாட்சி

எங்கள் வீட்டில் குண்டுக்குப் பயப்படாத ஒரே ஆள் அம்மாவின் தங்கைதான். கொக்குவிலில் எங்களோடேயே இருந்த அந்தச் சின்னம்மாவுக்கு இருந்த பயமெல்லாம் குசினி அடுப்பைப் பற்றியது.

குண்டு போடும் பொம்மர் விமானத்தின் சத்தம் கேட்டவுடன் வீட்டு வளவுக்குள் வெட்டியிருந்த பங்கர் குழிக்கு ஓடுவோம். யுத்தத்தில் ரயில் நின்றுபோன பிறகு தண்டவாளத்தடியிலிருந்து பெயர்த்து வந்த சிலிப்பர் கட்டைகளால் மூடிய பங்கர் அது. நாங்கள் இறங்கிவிடுவோம். சின்னம்மா மட்டும் பாதி வழியில் திரும்பி, அடுப்பு அணைந்து நூர்ந்துவிட்டதா என்று பார்க்கப் போவார். பார்த்துவிட்டு வந்து படியில் கால் வைத்தவர் மறுபடியும் போவார். அம்மா தலையில் அடித்துக்கொள்வார். குண்டு தப்பினாலும் அடுப்பு எங்களை விடாது என்று அப்பா பகிடி விடுவார்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. பங்கருக்குள் அம்மாவின் மடி தம்பிக்கு, சின்னம்மாவின் மடி எனக்கு. அவர் வராவிட்டால் ஈர மண்ணில்தான் நான் குந்தவேண்டும். அதனால் ஒருநாள், நான் பார்த்தேன், நூர்ந்துவிட்டது என்று சொன்னேன். அவர் என் முகத்தை உற்றுப் பார்த்தார்.

“மெய்யாவோ?”

“ஓம்.”

மூன்று தரம் கேட்டுவிட்டு இறங்கி வந்தார். அன்றிலிருந்து அடுப்புக்கு நான்தான் சாட்சி. சம்பளம் ஒரு துண்டு பனங்கட்டி. ஆனால் மூன்று ஓம் கொஞ்ச நாளில் ஏழாகியது. பிறகு, பார்த்தது மட்டும் காணாது, தொட்டுப் பார்த்தாயா என்றும் கேட்கத் தொடங்கினார். சாம்பலை யார் தொடுவது? தொடாமலேயே ஓம் சொல்லிப் பனங்கட்டி தின்றேன்.

ஒருநாள் கடைசித் துண்டைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டார். எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. அன்று மத்தியானம் பொம்மர் வந்தது. படியில் நின்று வழமைபோலக் கேட்டார். “எனக்குத் தெரியாது” என்றேன்.

அவர் ஓடினார். அம்மா கத்திக் கூப்பிட்டும் நிற்கவில்லை. குண்டு பக்கத்து ஒழுங்கையில் விழுந்தது. கட்டைகளுக்கிடையிலிருந்து மண் எங்கள் தலையில் கொட்டியது. சின்னம்மா செத்துப்போய்விட்டார், நான்தான் கொன்றேன் என்று காதைப் பொத்திக்கொண்டு இருந்தேன்.

தலையெல்லாம் ஓட்டுத் தூளும், முழங்காலில் இரத்தமுமாக வந்து சேர்ந்தார். அம்மா அவரைக் கட்டிப்பிடித்து அழுதார். நான் விம்மிக்கொண்டே, அடுப்பு நூர்ந்ததைப் பார்த்தும் வேண்டுமென்றே பொய் சொன்னேன் என்று ஒப்புக்கொண்டேன். சின்னம்மா என்னை மடியில் ஏற்றி, காதுக்குள் மெல்லச் சொன்னார்.

“நூந்தது எனக்கும் தெரியும் பிள்ளை. தெரிஞ்சாலும் மனம் விடுதில்லை. என்னாலை நீங்கள் எல்லாரும் எரிஞ்சு போவியளோ எண்டு கிடக்கு.”

தெரிந்தால் ஏன் போகவேண்டும்? எனக்கு அழுகையோடு எரிச்சலும் வந்தது. எண்ணச் சுழற்சி நோய் என்று இதற்கு ஒரு பெயர் இருப்பதும், வைத்தியம் இருப்பதும், தெரிந்துகொண்டே போகவேண்டியிருப்பதுதான் அதன் கொடுமை என்பதும் தலை நரைக்கத் தொடங்கிய பிறகுதான் எனக்குத் தெரியவந்தன.

அதற்குப் பிறகு சின்னம்மா என்னிடம் ஒரு தரமும் கேட்கவில்லை. குசினிப் பக்கமிருந்து ஓடி வருவார், நேரே இறங்கிவிடுவார். குண்டு விழுந்த அதிர்ச்சியில் பைத்தியம் தெளிந்துவிட்டது என்று அப்பா சொன்னார். என்னால்தான் தெளிந்தது என்று எனக்குள்ளே பெரிய பெருமை. பனங்கட்டி போனதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை.

ஒன்றுதான் எனக்குப் பிடிக்கவில்லை. மடியில் இருக்கும்போது என்னை அணைக்கிற அவருடைய வலது உள்ளங்கை எப்போதும் சாம்பலாக இருக்கும். சில நாட்களில் கொப்புளமும் இருக்கும். சமைத்தால் கை கழுவவேண்டாமா என்று பெரிய மனுசி மாதிரி அவரைக் கண்டித்து, என் சட்டை நுனியால் துடைத்துவிடுவேன். அவர் கையை விரித்துக் காட்டிக்கொண்டிருப்பார்.