நாலு முனைச் சந்திப்பும் ஆர்லிஸின் இடது கண்ணும்

ஆர்லிஸ் டொலெஃப்சனின் வலது கண்ணைக் குறை சொல்ல முடியாது. பார் என்றால் பார்க்கும். இடது கண்தான் ஊர்சுற்றி. வலது கண் எதிரில் இருப்பவரைப் பார்த்துக்கொண்டிருக்க, இது பாட்டுக்கு இடப்பக்கம் ஒதுங்கி, சம்பந்தமே இல்லாத யாரையோ நலம் விசாரிக்கும். மாறுகண் அதிர்ஷ்டம் என்று நம் பக்கத்தில் சொல்வார்கள். எந்த மகராசன் சொன்னானோ, அவனை ஒரே ஒரு நாள் அமெரிக்காவின் மினசோட்டாவில், நாலு பக்கமும் ‘நில்’ பலகை நட்ட சந்திப்பில் நிற்கவைத்துப் பார்க்க வேண்டும்.

ஆர்லிஸுக்கு வேலையே அங்கேதான். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைச் சாலை கடக்க வைப்பது. ஆரஞ்சு அங்கி, கையில் ஒரு பலகை, வயது ஐம்பத்தெட்டு, கல்யாணம் ஆகவில்லை. அந்தச் சந்திப்பில் சிக்னல் விளக்கு கிடையாது. முதலில் வந்தவர் முதலில் போகலாம் என்பது சட்டம். ஆனால் அந்த ஊர்க்காரர்களுக்கு மரியாதை ஜாஸ்தி. நீங்க போங்க என்று ஒருவர் கை காட்டுவார், இல்ல, நீங்க போங்க என்று மற்றவர் கை காட்டுவார். பனி கொட்டும், எஞ்சின் உறுமும், ஒரு வண்டியும் நகராது. கடைசியில், ஆர்லிஸ் யாரைப் பார்க்கிறாளோ அவர் போகலாம் என்று ஊரே பேசாமல் ஒத்துக்கொண்டது. நல்ல யோசனைதான், பார்ப்பது யார் என்பதை மட்டும் மறந்துவிட்டார்கள்.

தினமும் ஏழே முக்காலுக்குத் தெற்குச் சாலையில் டெல்மர் பாக்கியின் பச்சை வண்டி வரும். வீடுகளில் சூடேற்றும் உலை பழுது பார்ப்பவர், மனைவியை இழந்தவர். ஒரு ஜனவரியில் ஆர்லிஸ் வீட்டு உலையைச் சரிசெய்ய வந்தார். காபி வேண்டுமா என்றதற்கு இரண்டு தரம் வேண்டாம் என்றுவிட்டு, அந்த ஊர் முறைப்படி மூன்றாவது தரம் சரி என்றார். உட்கார்ந்தவர் இரண்டு மணி நேரம் எழுந்திருக்கவில்லை. அன்றிலிருந்து அவர் வண்டி வந்தால் ஆர்லிஸ் சிரிப்பாள். பதினோரு வருஷமாகச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு எங்கே போய்ச் சேர்ந்தது தெரியுமா? தெற்கே பார்த்து நின்றால் அவளுக்கு இடப்பக்கம் கிழக்கு. அதே ஏழே முக்காலுக்குக் கிழக்கிலிருந்து நீளக் கறுப்பு வண்டியில் வருபவர் கிளிஃபர்ட் ஹாகன். சவ அடக்கம் செய்து கொடுப்பவர். பதினோரு வருஷச் சிரிப்பையும் அவர்தான் வாங்கி வைத்துக்கொண்டார். கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ், மேலே உருளைக்கிழங்கு அடுக்கிச் சுட்ட கறித் தட்டு ஒன்றை அவள் வாசலில் கொண்டுவந்து வைப்பார். பதினோரு தட்டு தின்றாள் பாவி மகள், எதற்கு என்று ஒரு தரமாவது கேட்டிருக்கலாம்.

பிப்ரவரியில் ஒருநாள் டெல்மரைப் பார்த்துச் சிரித்து, வாங்க என்று கையாட்டினாள். இரண்டு வண்டியும் ஒன்றாகக் கிளம்பி, நடுச்சந்தியில் டொக்கென்று முட்டி நின்றன. இருவரும் இறங்கி ஓடிவந்தார்கள், மன்னிப்புக் கேட்க.

“என் தப்புங்க, டெல்மர்.”

“சேச்சே, என் தப்பு. நான்தான் அவசரப்பட்டுட்டேன்.”

“நீங்க எங்க அவசரப்பட்டீங்க? உங்க வண்டி ஆமை மாதிரி வந்துச்சு.” கிளிஃபர்ட் குரலைத் தாழ்த்தினார். “ஆர்லிஸ் என்னைப் பாத்து சிரிச்சாங்களா, அதான் கிளம்பிட்டேன். தினமும் சிரிப்பாங்க.”

டெல்மர் தன் பூட்ஸைப் பார்த்தார். “தெரியும். அதனாலதானே இத்தனை வருஷமா நான் குறுக்க வரல.”

இரண்டடி தள்ளி நின்ற ஆர்லிஸின் காதில் இது விழுந்தது. வாயைத் திறந்து சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே என்பீர்கள். இருபது பிள்ளைகள் வேடிக்கை பார்க்க, கறித்தட்டு கொடுத்த மனுஷன் முகத்துக்கு நேரே, ‘சிரிச்சது உங்களைப் பாத்து இல்ல’ என்று அந்த ஊரில் ஒருத்தி சொல்லிவிடுவாளா? “யாருக்கும் அடிபடலயே?” என்று மட்டும் கேட்டாள்.

மறுநாளே பெரிய ஊர்க் கண் டாக்டரிடம் நேரம் கேட்டாள். அதுவரை ஏன் போகவில்லை என்றால், ஐந்து வயதில், மாறுகண்ணுக்கு வேலை கொடுக்க நல்ல கண்ணை மூடிப் பட்டை ஒட்டினார்கள். அவள் அதை உரித்து வீட்டு நாய்க்கு ஒட்டினாள். ஏழு வயதுக்கு மேல் ஒன்றும் செய்ய முடியாது என்று அம்மா கைகழுவிவிட்டாள். அதையே வேதவாக்காக நம்பி அரை நூற்றாண்டை ஓட்டியாயிற்று.

டாக்டர் ஷியோங்குக்கு முப்பத்தைந்து வயதுதான் இருக்கும். கரண்டி மாதிரி ஒன்றை வைத்து வலது கண்ணை மறைத்தாள். ஊர்சுற்றிக் கண் விசுக்கென்று நடுவுக்கு ஓடிவந்தது.

“பாத்தீங்களா? கண்ணுக்குப் பார்வை இருக்கு. ஒரு கண்ணுக்கு ஆறு தசை. வெளிப்பக்கத்துத் தசை இழுக்குது, உள்பக்கத்துத் தசை விட்டுக்கொடுக்குது.”

“எங்க ஊர்க்காரத் தசையா இருக்கும்.”

“வெளியில இருக்கிறதைத் தளர்த்தி, உள்ள இருக்கிறதைச் சுருக்கித் தைப்போம்.”

“ஏழு வயசுக்கு மேல ஆகாதுன்னாங்களே?”

“அது மங்கலான கண்ணுக்குப் பட்டை போடுற கதை. அதுலயும் இப்ப அவ்வளவு கறார் இல்ல. கண்ணை நேராக்க எந்த வயசுலயும் வரலாம்.”

“கண்ணை வெளிய எடுத்து வச்சுத்தான் தைப்பீங்களா?”

“ஐயோ, எடுக்க மாட்டோம். அது இருக்கிற இடத்துலயேதான் இருக்கும்.”

“அது என்னைக்கு டாக்டர் இருக்கிற இடத்துல இருந்துச்சு?”

டாக்டர் சிரித்து முடித்துவிட்டு, உள்ளதையும் சொன்னாள். கொஞ்ச நாள் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரியலாம்; சிலருக்குக் கண் மறுபடி விலகுவதும் உண்டு. பிறகு கேட்டாள்: “இத்தனை வருஷம் கழிச்சு இப்ப ஏன்?”

“நான் ஒருத்தரைப் பாத்தா, அந்த ஒருத்தருக்கு அது தெரியணும். அவ்வளவுதான்.”

அறுவை சிகிச்சை முடிந்து மயக்கம் தெளிந்ததும், முடிச்சுப் போடாமல் விட்டிருந்த ஒரு தையலை இழுத்து, கண் நேராக நிற்கிறதா என்று சரிபார்த்துக் கட்டினார்கள். கண் தக்காளியாகச் சிவந்திருந்தது. இரண்டு வாரம் மேஜைமேல் இரண்டு காபிக் கோப்பை தெரிந்தது. ஆர்லிஸ், இல்லாத கோப்பையில் காபியை ஊற்றினாள். மூன்றாவது வாரம் கோப்பை ஒன்றாயிற்று. அன்று கண்ணாடி முன் நின்றாள். உள்ளே இருந்தவள் இரண்டு கண்ணாலும் இவளையே பார்த்தாள். ஆர்லிஸ் தேம்பித் தேம்பி அழுதாள்.

ஏப்ரலில் வேலைக்குத் திரும்பினாள். ஏழே முக்கால். கிழக்கே கறுப்பு வண்டி, தெற்கே பச்சை வண்டி. ஆர்லிஸ் தெற்கே பார்த்துச் சிரித்தாள்.

டெல்மர் திரும்பித் தன் வண்டிக்குப் பின்னால் பார்த்தார். காலிச் சாலை. கிழக்கே பார்த்து, நீங்க போங்க என்று கிளிஃபர்டுக்குக் கை காட்டினார். கிளிஃபர்ட் ஆர்லிஸின் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தார். எத்தனையோ வீட்டுத் துக்கத்தைப் பார்த்தவர் அவர், புரிந்துவிட்டது. தொப்பியைத் தொட்டுவிட்டு, இல்ல, உங்களைத்தான் என்று டெல்மருக்குக் கை காட்டினார்.

டெல்மர் ஜன்னலை இறக்கினார். “என்னையா?”

“உங்களைத்தான்” என்றாள் ஆர்லிஸ்.

“போகட்டுமா?”

“வேண்டாம்.” ஆர்லிஸ் பலகையைத் தூக்கிப் பிடித்தாள். “பதினோரு வருஷமா உங்களைத்தான்.”

டெல்மர் எஞ்சினை அணைத்தார். நாலு பக்கமும் வண்டிகள் வந்து வந்து நின்றன. ஒருவரும் ஹாரன் அடிக்கவில்லை.