என் ரத்தத்தில் ஒன்பது யூனிட்

"ஆம்பளைங்க ரத்தத்தப் பாத்து ஒரு பொம்பளப்புள்ள நோவு சொன்னா, எவன் நம்புவான்?"

நான் லேப் டெக்னீஷியனாக வேலைக்குச் சேர்ந்த அன்று காயங்களுக்குக் கட்டுப்போடும் டிரஸ்ஸர் பெரியசாமி அண்ணன் கேட்ட கேள்வி இது. என்னிடம் கேட்கவில்லை. ஸ்டெரிலைசர் மூடியைத் துடைத்துக்கொண்டே, பக்கத்தில் நின்ற நர்ஸிடம் கேட்டார். ஆனால் என் காதில் விழ வேண்டும் என்றுதான் கேட்டார்.

தருமபுரியில் இருந்த ஒரு சிறிய தனியார் மருத்துவமனை அது. பெயர் வேண்டாம். எழுபதுகளின் தொடக்கம். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் கைநாட்டுதான். கோயில் ரிஜிஸ்டரில் என் ஞானஸ்நானத்துக்குக்கூட அப்பா கட்டைவிரலைத்தான் வைத்திருக்கிறார். அதனால் ரிப்போர்ட் தாளின் அடியில் கையெழுத்துப் போடும்போது எனக்கு ஒரு தனி நிமிர்வு வரும். அந்த நிமிர்வு எனக்கு ஒருமுறை செய்த கெடுதலையும், அதிலிருந்து நான் மீண்டதையும், இந்தப் படிப்புக்கு வரும் பெண்களுக்காக எழுதுகிறேன்.

1. நீலத்தின் அளவு

எங்கள் லேப் ஒரே அறை. ஒரு மைக்ராஸ்கோப், நிறத்தின் அடர்த்தியை அளக்கும் ஒரு கலரிமீட்டர், ஒரு வாட்டர் பாத், கையால் சுற்றும் சென்ட்ரிஃபியூஜ். சுகர், யூரியா, ஹீமோகுளோபின் தினமும் வரும். மாதத்துக்கு ஒன்றிரண்டு முறை சர்ஜன் ஐயா 'ஆசிட் பாஸ்படேஸ்' என்று எழுதி அனுப்புவார். வயதான ஆண்களுக்குப் புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் இருந்து, அது சுரப்பியை விட்டு வெளியே பரவியிருந்தால், ரத்தத்தில் இந்த என்சைம் கூடும். நாலைந்து யூனிட்டுக்குள் இருந்தால் பயமில்லை.

வேலை சுலபம்தான். ரத்தத்தைச் சென்ட்ரிஃபியூஜில் சுற்றினால் மேலே தெளிந்து நிற்கும் நீர்தான் சீரம். அதை பஃபர், சப்ஸ்ட்ரேட் என்ற கரைசல்களுடன் கலந்து ஒரு மணி நேரம் வாட்டர் பாத்தில் வைக்க வேண்டும். பிறகு ரீஏஜென்ட் சேர்த்தால் நீல நிறம் வரும். எவ்வளவு நீலமோ அவ்வளவு என்சைம்.

"நோய வளக்கறது ஆண் ஹார்மோன்மா," என்று சர்ஜன் ஐயா ஒருநாள் சொல்லிக் கொடுத்தார். "அந்த ஹார்மோன் அளவ அளக்க நம்மகிட்ட வசதி இல்ல. வாய்க்கால்ல எவ்வளவு தண்ணி வருதுன்னு பாக்க முடியலன்னா, பயிரப் பாத்துச் சொல்றதில்லையா? அது மாதிரிதான் உன் நம்பர்."

அந்த ஹார்மோனை நிறுத்த அப்போது இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, அதைச் சுரக்கும் விரைகளை எடுத்துவிடுவது. இன்னொன்று, ஸ்டில்பெஸ்ட்ரால் என்ற பெண் ஹார்மோன் மாத்திரை.

ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டும் ஒருவர் அந்த மாத்திரை சாப்பிட்டுவந்தார். இடுப்பு எலும்பு வரை நோய் போயிருந்தது, எக்ஸ்ரேயிலேயே தெரிந்தது. மாத்திரை தொடங்கியபின் வலி குறைந்து மறுபடியும் துடுப்புப் பிடித்தார். ஆனால் மார்பு லேசாகப் பெருத்துவிட்டது. எந்நேரமும் துண்டைப் போர்த்திக்கொண்டுதான் வருவார்.

"பரிசல்ல ஏறுற பொம்பளைங்க என்னையப் பாத்துச் சிரிக்கறாங்க டாக்டரு."

"சிரிச்சா சிரிக்கட்டும். பரிசல் ஓட்டறீங்கல்ல?"

"அது ஓட்டறங்க."

"அப்புறம் என்ன?"

ஒவ்வொரு முறையும் அவருடைய நீலம் வெளிறிக்கொண்டே வந்தது. பதினேழாக இருந்தது ஆறுக்கு இறங்கியது. அந்த எண்ணை நான்தான் எழுதினேன். என் எண்ணைப் பார்த்துத்தான் மருந்தின் அளவே தீர்மானமாகிறது என்று எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

2. சிவந்த சீரம்

அதியமான்கோட்டையிலிருந்து மாதையன் என்ற விவசாயியைக் கூட்டிவந்தார்கள். அறுபது வயதுக்கு மேல். இரண்டு நாளாகச் சிறுநீர் போகவில்லை. ரப்பர் டியூப் போட்டு எடுத்தபிறகுதான் பேசவே தொடங்கினார். சர்ஜன் ஐயா விரலால் சோதித்ததில் சுரப்பி பெருத்திருந்தது. ஒரு பக்கம் கல்லைப்போல் கெட்டியாக இருந்தது. எக்ஸ்ரேயில் எதுவும் தெளிவாகத் தெரியவில்லை. அதனால் ஆசிட் பாஸ்படேஸ் கேட்டார்.

பெண்கள் வார்டில் ரத்தம் எடுப்பது நான். ஆண்கள் வார்டில் பெரியசாமி அண்ணன். யாரும் சட்டம் போட்டதில்லை. நான் வருவதற்கு முன்பிருந்தே பழக்கம். வயசுப்பெண் தொட்டு ஊசி போட்டால் ஆண்கள் கூச்சப்படுவார்கள் என்பது காரணம். எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது.

அண்ணன் கொண்டுவந்த ரத்தத்தைச் சுற்றி எடுத்தேன். மேலே நின்ற சீரம் வைக்கோல் நிறத்தில் இருக்க வேண்டும். இது மாதுளைச் சாற்றில் தண்ணீர் கலந்ததுபோல் சிவந்திருந்தது. ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்தால் இப்படி ஆகும். அப்படிப்பட்ட சீரத்தில் வரும் எண்ணை நம்ப முடியாது.

"அண்ணா, இன்னொரு தடவ எடுத்துக் குடுங்க. இது செவந்துபோச்சு."

"ரத்தம் செவப்பா இல்லாம பச்சயாவா இருக்கும்? அந்தாளு ஒரு குத்துக்கே என் வம்சத்தத் திட்டிப்புட்டாரு. மறுபடி போனன்னா எந்திரிச்சு வூட்டுக்குப் போயிருவாரு. இருக்கறத வெச்சுப் பாரு புள்ள."

பார்த்தேன். நல்ல கருநீலம். பதினொரு யூனிட். சிவந்திருந்ததைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கலாம். எழுதவில்லை. எழுதினால் என் வேலையில் குறை என்று ஆகிவிடுமே என்று நினைத்தேன். எண்ணை எழுதி, அடியில் அழகாகக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். அன்று புதன்கிழமை.

மாலையில் மாதையனின் மனைவி மாதம்மாள் லேப் வாசலில் வந்து நின்றார். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு பேசினார்.

"ஏங்கண்ணு, நீ படிச்ச புள்ள. வெள்ளிக்கெழம ஆப்ரேசனாம். அவருக்கு அதையே எடுத்துருவாங்களாம். ரத்தத்துல வந்துருச்சாம். மெய்யாலுமா?"

"டாக்டர் ஐயா பாத்துத்தானுங்க சொல்லுவாரு."

"அவரு செவுத்தப் பாத்துப் படுத்துக்கிட்டாரு. சோறு எறங்கல. 'அப்புடி ஒரு பொழப்பு எனக்கு வேணாம், கரும்புக் கொல்லையிலயே உழுந்து செத்துப்போறன்'ங்கறாரு. நோவு இருந்தாச் சரி கண்ணு, நானே புடிச்சுப் படுக்க வெப்பன். நெசமா நோவுதானான்னு மட்டும் சொல்லு."

நிஜமாக நோய்தானா என்று அந்த அம்மாள் என்னிடம் கேட்டார். சர்ஜன் ஐயாவின் விரலுக்குச் சந்தேகம் இருந்தது. எக்ஸ்ரேக்கும் சந்தேகம் இருந்தது. சந்தேகமே இல்லாமல் பேசியது என் தாள் ஒன்றுதான். எனக்கோ அந்தச் சிவப்பு தெரியும்.

3. அண்ணனின் சிரிஞ்சு

மறுநாள் காலை ஸ்டெரிலைசர் அருகில் போய் நின்றேன். பெரியசாமி அண்ணன் கொதிநீரிலிருந்து கண்ணாடி சிரிஞ்சை இடுக்கியால் எடுத்து, ஒரு உதறு உதறினார். உள்ளே தண்ணீர்த் துளிகள் ஒட்டியிருந்தன. அப்படியே ஊசியை மாட்டினார். நான் பெண்கள் வார்டுக்கு எடுத்துப்போகும் சிரிஞ்சுகளை ஓவனில் காயவைப்பேன், படிப்பில் சொல்லிக்கொடுத்தது. அவருக்கு யாரும் சொல்லவில்லை. வெறும் தண்ணீர் பட்டால் சிவப்பணு உடைந்துவிடும். அந்த அணுக்களுக்குள்ளும் ஆசிட் பாஸ்படேஸ் உண்டு. சுகருக்கும் யூரியாவுக்கும் அது பெரிய வித்தியாசம் காட்டாது. அதனால்தான் இத்தனை நாள் யாருக்கும் தெரியாமல் போயிற்று. பரிசல்காரருடைய சீரம் ஒவ்வொரு முறையும் தெளிவாக இருந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அன்றெல்லாம் சிரிஞ்சு ஆறிக் காய்ந்திருக்க வேண்டும்.

"அண்ணா, எனக்கு ரத்தம் எடுங்க."

"ஏம்புள்ள, உனக்கென்ன நோவு?"

"எனக்கில்லீங்கண்ணா. உங்க சிரிஞ்சுக்கு."

முறைத்தார். ஆனால் எடுத்தார். வலது கையில் அவருடைய வழக்கப்படி ஈர சிரிஞ்சில் எடுத்து, ஊசியைக் கழற்றாமல் டியூபுக்குள் வேகமாகப் பீய்ச்சினார். இடது கைக்கு நான் காய்ந்த சிரிஞ்சைக் கொடுத்தேன். ஊசியைக் கழற்றிவிட்டு மெதுவாக ஊற்றச் சொன்னேன். ஒரே ஆள், ஒரே நேரம், இரண்டு டியூப்.

சுற்றி எடுத்ததும் அண்ணன் இரண்டு டியூபையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். ஒன்று வைக்கோல் நிறம், மற்றது மாதுளை நிறம். ஒரு மணி நேரம் வாட்டர் பாத் பக்கத்திலேயே நின்றார். ரீஏஜென்ட் ஊற்றியதும் ஒன்று வெளிர்நீலம், மற்றது கருநீலம். காய்ந்த சிரிஞ்சில் இரண்டு யூனிட். ஈர சிரிஞ்சில் ஒன்பது.

"அப்போ இதுவரைக்கும் நான் எடுத்ததெல்லாம்..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. நான் மட்டும் என்ன ஒழுங்கு?

ஒன்பது என்று எழுதிய தாளை எடுத்துக்கொண்டு சர்ஜன் ஐயாவின் அறைக்குப் போனேன். பெயர் எழுத வேண்டிய இடத்தை அவசரத்தில் காலியாக விட்டிருந்தேன்.

"ஒன்பதா? இது யாரு, புதுக் கேஸா? இவரையும் அட்மிட் பண்ணச் சொல்லும்மா. என்ன வயசு?"

"இருபத்து மூணுங்க ஐயா."

"என்னது?"

"அது என் ரத்தமுங்க ஐயா."

தாளைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் தாளைப் பார்த்தார். புராஸ்டேட்டே இல்லாத ஒருத்திக்குப் புராஸ்டேட் நோய்க் கணக்கு. விவரத்தைச் சொன்னேன்.

"நேத்து அந்தாளு ரிப்போர்ட்டுல கையெழுத்துப் போட்டது நீதானே?"

"ஆமாங்க ஐயா. செவந்திருந்தது தெரிஞ்சேதான் போட்டேன். பெரியசாமி அண்ணன் மேல தப்பில்லீங்க. அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்."

அவர் நேற்றைய ரிப்போர்ட்டை எடுத்து இந்தத் தாளுக்குப் பக்கத்தில் வைத்தார். திட்டியிருந்தால் தேவலை.

"விரலுக்குக் கல்லாட்டம் இருந்துதே, அதுவும் பொய்யா?"

"அது எனக்குத் தெரியாதுங்க ஐயா. என் நம்பர் மட்டும் பொய்."

"சரி. போய் நிஜத்த எடுத்துட்டு வா. நீயே எடு."

4. சுவரைப் பார்த்த முகம்

காய்ந்த சிரிஞ்சுடன் நான் ஆண்கள் வார்டுக்குள் போனது அதுதான் முதல் தடவை. படுத்திருந்தவர்கள் எல்லாம் வேட்டியைச் சரிசெய்துகொண்டார்கள்.

"கைய நீட்டுங்கய்யா."

மாதையன் திரும்பவே இல்லை. "அந்த டிரஸ்ஸர வரச்சொல்லு. பொட்டப்புள்ளகிட்ட நான் கைய நீட்டமாட்டன்."

மாதம்மாள்தான் எழுந்தார். "நாத்து நட்டது பொம்பள. களை எடுத்தது பொம்பள. நாப்பது வருசமா ஆக்கிப் போட்டது பொம்பள. அப்பல்லாம் வாங்கித் திங்கறதுக்கு இந்தக் கைதான நீண்டுச்சு? இப்ப என்னாய்யா வெக்கம்?"

அடுத்த கட்டிலில் ஒருவர் சிரித்துவிட்டார். மாதையன் முகத்தைத் திருப்பாமல் கையை மட்டும் பின்னால் நீட்டினார். நரம்பு நல்ல தடிமன். ஒரே குத்தில் வந்துவிட்டது.

"எடுத்தாச்சுங்கய்யா."

"அதுக்குள்ளயா? அந்தாளு மம்மட்டியால வெட்டறாப்புல குத்தினானே!" வார்டு வாசலில் நின்ற பெரியசாமி அண்ணன் வந்து என் கையிலிருந்த டியூபை வாங்கிக்கொண்டார்.

வைக்கோல் நிறச் சீரம். வெளிர்நீலம். மூன்று யூனிட். இரண்டாம் முறை போட்டும் அதே மூன்று. இந்த முறை எண்ணுக்குக் கீழே 'சீரம் தெளிவு' என்று எழுதி, முந்தைய ரிப்போர்ட்டை ரத்து செய்கிறேன் என்றும் எழுதி, கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்துகளிலேயே கோணலானது அதுதான். அதற்குப் பிறகுதான் எனக்குப் பசித்தது.

எண் சரியாக இருப்பதால் மட்டும் நோய் இல்லை என்றாகிவிடாது என்று சர்ஜன் ஐயா மாதம்மாளிடம் பொறுமையாகச் சொன்னார். விரை நீக்கும் அறுவையைத் தள்ளிவைத்தார். அடைப்பை நீக்க, பெருத்த சுரப்பியை மட்டும் எடுத்து, அதன் சதையை மெட்ராஸுக்கு அனுப்பினார். சில வாரம் கழித்துப் பதில் வந்தது. புற்றுநோய் இல்லை. கெட்டியாக இருந்தது சுரப்பிக்குள் உருவாகியிருந்த சிறுசிறு கற்கள்.

அடுத்த மாதம் மாதையன் ஒரு துணி மூட்டையில் புளி கொண்டுவந்தார். லேப் வாசலில் நின்று நேராக என் முகத்தைப் பார்த்தார்.

"ஏங்கண்ணு, உனக்கும் எனக்கும் ஒரே நோவாம்ல? டாக்டரு சொன்னாரு!"

பெரியசாமி அண்ணன்தான் சத்தமாகச் சிரித்தார். அதற்குள் அவர் சிரிஞ்சை ஓவனில் வைத்துக் காயவைக்கக் கற்றுக்கொண்டிருந்தார். ஆனாலும் ஆசிட் பாஸ்படேஸ் என்று சீட்டு வந்தால், கட்டிலில் இருப்பவரிடம் அவரே சொல்லிவிடுவார்: "புள்ளகிட்டக் கைய நீட்டுங்க. நான் குத்தினா கணக்கு ஏறிக்கும்."

இதில் நான் கற்றது ஒன்றுதான். சந்தேகம் இருந்தால் அதையும் ரிப்போர்ட்டில் எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். தாளைப் படிப்பவருக்கு டியூபின் நிறம் தெரியாது. அதைப் பார்த்தது நீங்கள் மட்டும்தான்.

சர்ஜன் ஐயா சொன்ன அந்த வாய்க்கால் தண்ணீரையே அளக்க வேண்டும் என்ற ஆசை மட்டும் எனக்கு விடவில்லை. ரத்தத்தில் இருக்கும் ஹார்மோனையே அளக்கும் முறையை மெட்ராஸில் ஒரு பெரிய லேபில் கற்றுத்தருகிறார்கள் என்று சில ஆண்டுகள் கழித்துக் கேள்விப்பட்டேன். விண்ணப்பம் போட்டேன். அனுமதிக் கடிதத்தை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். ஒருமுறை கேட்டுவிட்டு, "இன்னொருக்கா படி," என்றார்.

இதை மெட்ராஸ் விடுதியில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். வந்து இரண்டாவது வாரம். ஆண் ஹார்மோன் அளக்கப் பழகுவதற்கு, ஒப்பிட்டுப் பார்க்க அது மிகக் குறைவாக இருக்கும் ஒரு பெண்ணின் ரத்தம் வேண்டும் என்று நேற்றுக் காலை கேட்டார்கள். வகுப்பில் எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். நான் எழுந்துபோய், சிரிஞ்சு காய்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, கையை நீட்டிவிட்டேன்.