மெயினை அணைத்த பிறகும் கேட்ட இரைச்சல்

பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். நீங்கள் நம்பாவிட்டாலும் கோபமில்லை, நானே பாதிதான் நம்புகிறேன்.

கீழ் கோத்தகிரிப் பக்கம் ஒரு எஸ்டேட் ஆபீசில் எனக்கு வேலை. ஹாம் ரேடியோவில் வெளியூர் நண்பர்களோடு பேசுவது பொழுதுபோக்கு, செட்டை ஆபீசிலேயே வைத்திருந்தேன். கரண்ட் கம்பி வழியாகவே இன்டர்நெட் தருகிறோம் என்று ஒரு கம்பெனி வந்து, பிளக்குக்குப் பிளக் சின்னப் பெட்டி சொருகிவிட்டுப் போனது. அன்றிலிருந்து ரேடியோவில் ஒரே இரைச்சல். கம்பியெல்லாம் ஏரியலாகிவிட்டது, அவசரத்துக்கு ஒரு குரல் கேட்காது என்று சண்டை போட்டேன். "உங்க ஒருத்தருக்காக லைன் ஊட்டுல இருக்கற தொழிலாளிங்க எல்லாம் நெட் இல்லாம இருக்கோணுங்களா?" என்றார் மேனேஜர். அதுவும் நியாயம்தான்.

ஐப்பசி மழையில் ஒரு மத்தியானம் ஆபீசுக்கு இரண்டு பக்கமும் மண் சரிந்தது. உள்ளே நானும் கணக்கு பார்க்கும் மேரி அக்காவும் மட்டும். செல்போன் செத்துவிட்டது, நெட்டும் போய்விட்டது. அக்காவுக்கு மூச்சிரைப்பு உண்டு, உறிஞ்சும் மருந்து தீர்ந்துபோய் உதடு நீலம் பாரித்துக்கொண்டிருந்தது. பேட்டரியில் ரேடியோவைப் போட்டால் இரைச்சல், இரைச்சல், இரைச்சல். பற்றிக்கொண்டு வந்தது எனக்கு, ஓடிப்போய் மெயினை அணைத்தேன். ஆபீசே இருண்டது, இரைச்சல் மட்டும் நிற்கவில்லை.

எங்கள் ரேடியோக்காரர்களுக்கு ஒரு வழக்கம், யாராவது பேசிக்கொண்டிருக்கிறார்களா என்று கேட்காமல் நடுவில் புகக்கூடாது. பழக்க தோஷத்தில் கேட்டேன். "ஏனுங்க, இதுல யாராச்சும் பேசிட்டிருக்கீங்களா?"

இரைச்சல் பட்டென்று நின்றது.

கோயம்புத்தூரிலிருக்கும் நண்பர் குமாரசாமி உடனே கிடைத்தார். இரண்டு பேர் மாட்டிக்கொண்டோம் என்று மூன்று நான்கு தடவை சொன்னேன். இருட்டுவதற்குள் தீயணைப்புக்காரர்கள் கயிறு கட்டி வந்துவிட்டார்கள். அக்கா பிழைத்தார்.

மறுநாள் குமாரசாமி போனில் கேட்டார். "ரெண்டு பேருன்னு தானுங்க சொன்னீங்க? நீங்க பேசி முடிக்க முடிக்க, பின்னாலயே ஒருத்தரு 'எங்களையும் சேத்திக்குங்க, எங்களையும் சேத்திக்குங்க'ன்னாரே, அவரு யாருங்க?"

மண்ணை அள்ளியவர்களிடம் கெஞ்சி நன்றாகத் தேடச் சொன்னேன். யாருமில்லை. எஸ்டேட்டில் யாரும் காணாமலும் போகவில்லை.

அந்தப் பெட்டிகளை எப்போதோ கழற்றிவிட்டார்கள். ஆனாலும் மழை பிடித்தால் ரேடியோவில் அதே இரைச்சல் வருகிறது. ஒரே ஒரு கேள்வி கேட்டால் நின்றுவிடும் என்று எனக்குத் தெரியும். அன்று எனக்கு வழி விட்டவர்களுக்கு உதவி வரவில்லை, வந்தது எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான், அதனால் கேட்கப் பயமாக இருக்கிறது.