நான் வெட்டச் சொன்ன நான்கு டயர்கள்

1. கருவேப்பிலங்குறிச்சி வளைவு

கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது. கருவேப்பிலங்குறிச்சியைத் தாண்டியதும் வரும் வளைவில் அது சட்டென்று நின்றது. அப்போதுதான் தூறல் ஆரம்பித்திருந்தது. நான் வேகமாக வரவில்லை. இடைவெளியும் விட்டுத்தான் வந்தேன். பிரேக்கை மிதித்தேன். சக்கரங்கள் நின்றன, கார் நிற்கவில்லை. ஈரத் தார்ச்சாலையில் சோப்புக் கட்டி போல வழுக்கிக்கொண்டே போனது. டிரெய்லரில் இருந்து நீட்டிக்கொண்டிருந்த கரும்புகள் கண்ணாடிக்கு நேராக வருவதைப் பார்த்தேன். பிரேக்கிலிருந்து காலை எடுத்து, ஸ்டீயரிங்கை இடப்பக்கம் ஒடித்தேன். கார் சாலையை விட்டு இறங்கிச் சேற்றில் புதைந்து நின்றது.

டிராக்டர்காரர் இறங்கி ஓடி வந்து, அடிபட்டுவிட்டதா என்று கேட்டார். இல்லை என்றேன். டிக்கியைத் திறந்து, சாம்பிளுக்குக் கொண்டுபோன பீங்கான் இன்சுலேட்டர்களைப் பார்த்தேன். ஒன்றும் உடையவில்லை. 

நான் ஜெசிந்தா. விருத்தாசலம் செராமிக் எஸ்டேட்டில், மின்கம்பங்களுக்குப் பீங்கான் இன்சுலேட்டர் செய்யும் ஒரு யூனிட்டில் தரப் பரிசோதனைக்குப் பொறுப்பாளராக இருக்கிறேன். அடுத்த வருடம் ஓய்வு. சூளையிலிருந்து வெளியே வரும் பீஸ்களில் எது போகலாம், எது போகக் கூடாது என்று சொல்வது என் வேலை. உடைத்த துண்டைச் சாயத்தில் ஊறப் போடுவோம். சாயம் உள்ளே இறங்கினால் அந்த பீஸ் தண்ணீர் குடிக்கும் என்று அர்த்தம். தண்ணீர் குடிக்கிற இன்சுலேட்டர் கம்பத்தில் ஏறினால் மழைக்காலத்தில் யாருக்காவது ஷாக் அடிக்கும். அதனால் ரிஜெக்ட் ஆனதை நாங்கள் குவித்து வைப்பதில்லை. சுத்தியலால் உடைத்துவிடுவோம். முழுசாக விட்டால் எப்படியாவது ஒரு கடைக்குப் போய்விடும்.

சாம்பிள்களைப் பார்ட்டிகளிடம் கொண்டுபோய்க் காட்டுவதும் என் பொறுப்புதான். முன்பு பஸ்ஸில் கொண்டுபோனபோது வேப்பூரில் பஸ் மாறுவதற்குள் மேல்பூச்சான கிளேஸ் ஓரத்தில் தெறித்துவிடும். அதற்காகவே சொந்தமாக ஒரு செடான் வாங்கினேன். பெட்ரோல் வண்டி, பழையது. ஓய்வு பெற்ற ஒரு கல்லூரி ஆசிரியரிடம் இருந்து வந்தது. டீசல் வாங்கச் சொல்லி ஆபீஸில் எல்லோரும் வற்புறுத்தினார்கள். என் ஓட்டம் பெரும்பாலும் ஊருக்குள்ளேதான், மாதத்தில் சில நாள்தான் வெளியூர். பெட்ரோலே போதும் என்று நானே முடிவு செய்தேன். அந்த முடிவில் இன்று வரை எனக்கு வருத்தமில்லை. அதிராத இன்ஜின், பெரிய டிக்கி. பீங்கானை நம்பி வைக்கலாம்.

2. ரஹீம் பாய் கடை

மறுநாளே ஜங்ஷன் ரோட்டில் உள்ள ரஹீம் பாயின் டயர் கடைக்குப் போனேன். பிரேக்கைத்தான் சந்தேகப்பட்டேன். அவர் பிரேக்கைப் பார்த்துவிட்டுக் குறை இல்லை என்றார். பிறகு டயரின் பக்கவாட்டில் டார்ச் அடித்துக் காட்டினார். அங்கே அழுத்தமாகப் பதிந்திருக்கும் எண்களில் கடைசி நான்கு, டயர் பிறந்த நாளைச் சொல்லும். முதல் இரண்டு எத்தனையாவது வாரம், அடுத்த இரண்டு எந்த வருடம். கணக்குப் பார்த்தால் டயருக்கு எட்டு வயது முடிந்திருந்தது. ஆசிரியர் வண்டியை அதிகம் எடுக்காமல் ஷெட்டிலேயே வைத்திருந்ததால் ரோட்டைப் பிடிக்கும் பட்டன் தேயவில்லை. ஆனால் ரப்பர் கல்லாக இறுகியிருந்தது. நகத்தால் அழுத்தினேன், தடம் விழவில்லை. பக்கவாட்டில் மயிரிழை போன்ற வெடிப்புகள். அப்படிப்பட்ட கோடுகளைத் தேடித்தான் என் வாழ்நாள் முழுக்கப் பீங்கானைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறேன். அதனால் எனக்கு அதிக விளக்கம் தேவைப்படவில்லை.

மாற்றுவதென்றால் எதைப் போடுவது என்ற பேச்சு வந்தது. பாய் முதலில் பதினைந்து இஞ்ச் அலாய் வீலைக் காட்டினார். வண்டி பார்க்க ஜோராக இருக்கும் என்றார். இருக்கும்தான். ஆனால் எனக்கு வேண்டியது வேறு. மழையில் நிற்க வேண்டும், டிக்கியில் பீங்கான் ஏற்றினால் தாங்க வேண்டும், பள்ளத்தில் இறங்கினால் உள்ளே இருக்கும் பீஸுக்கு அதிர்ச்சி போகக் கூடாது. ரிம் பெரிதாகி டயர் சுவர் மெலிந்தால் அதிர்ச்சி நேராக உள்ளே வரும் என்பது அவருக்கும் தெரியும். நான் சொன்னதைக் கேட்டதும் அவரே அலாய் பேச்சை விட்டுவிட்டார்.

"அப்படின்னா மேடம், இதே ரிம்முல ஒரு சைஸு ஏத்திக்கலாம். இப்ப அகலம் நூத்தி எழுபத்தஞ்சு இருக்குது, நூத்தி எம்பத்தஞ்சு போடுவோம். லோடும் கூடத் தாங்கும். அதுக்கு மேல அகலம் போவ வேணாம், ஸ்டீயரிங் கனத்துடும்" என்றார்.

புது டயரின் பிறந்த தேதியையும் பார்த்த பிறகே மாட்டச் சொன்னேன். அலைன்மென்ட், பேலன்சிங் எல்லாம் முடித்து, லோடுக்காகக் கடையின் கனமான பெஞ்சையே டிக்கியில் ஏற்றச் சொல்லி, ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுதாக ஒடித்து, டயர் எங்கும் உரசவில்லை என்று உறுதி செய்துகொண்டேன். பாய் கடைப் பெஞ்சு என் டிக்கிக்குள் இருப்பதைப் பார்த்து, டீ குடிக்க வந்தவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும். காலி வண்டியில் உரசாத டயர் லோடு ஏறினால் உரசும். பரிசோதனை என்றால் வேலை நடக்கிற நிலைமையிலேயே செய்ய வேண்டும்.

3. அந்தோணி கேட்டது

பழைய டயர்கள் கடை வாசலில் கிடந்தன. அப்போது என் கணவரின் தம்பி அந்தோணி போன் செய்தார். பெண்ணாடம் ஆலையில் பிட்டராக வேலை செய்கிறவர். என்னிடம் இருக்கும் அதே மாடல் செடான் அவரிடமும் உண்டு. தினமும் அதில்தான் விருத்தாசலத்திலிருந்து வேலைக்குப் போய் வருகிறார். நான் வழுக்கிய அதே சாலை.

"அண்ணி, டயர் மாத்துறீங்கன்னு அண்ணன் சொன்னாங்க. பழசை எனக்கு வச்சிருங்க. பட்டன் அப்படியே இருக்குதாமே. என்னுது வழவழன்னு ஆயிடுச்சி."

முடியாது என்றேன். நேற்று நடந்ததைச் சொன்னேன். அது மழையால் நடந்தது, ரோட்டில் மண் கிடந்திருக்கும், உங்களைவிட நான் நன்றாக ஓட்டுவேன் என்று அவர் ஒவ்வொன்றாக அடுக்கினார். கடைசியில் குரல் மாறியது.

"குப்பையில போடுவீங்க, எனக்குக் குடுக்க மாட்டீங்க. அப்படித்தானே?"

"ஆமா தம்பி" என்றேன்.

போனை வைத்துவிட்டுப் பாயிடம் நான்கையும் என் கண்ணெதிரே வெட்டச் சொன்னேன். பழைய டயரை வாங்கிக்கொள்ள ஆள் இருக்கிறது என்று அவர் தயங்கினார். அந்த ஆளின் வண்டியில் யார் ஏறுவார்கள் என்று கேட்டேன். பாய் டயர்களை ஒவ்வொன்றாக உருட்டி வந்தார். மெஷினில் வைத்துப் பக்கவாட்டை அறுத்துப் போட்டார்.

அன்று அப்படிச் செய்தது சரி. இன்றும் அதையேதான் செய்வேன். ஆனால் கதை அதோடு முடியவில்லை.

அந்தோணி எங்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் எதிரே வந்தால் அண்ணனிடம் மட்டும் பேசுவார். என் கணவரோ, உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நான் வரவில்லை என்று ஒதுங்கிக்கொண்டார். தம்பி மனைவி ஸ்டெல்லா மட்டும் வழக்கம்போல வந்துபோனாள்.

4. வேளாங்கண்ணிக்குப் போகும் முன்

சில வாரங்கள் போயிருக்கும். ஒரு ஞாயிறு, கோயில் வாசலில் அந்தோணியின் கார் நின்றிருந்தது. டயர் நான்கும் பளபளவென்று கறுப்பாக இருந்தன. புதிது போட்டுவிட்டார் என்று சந்தோஷமாகக் கிட்டப் போனேன். கறுப்புப் பாலிஷ் வாடை அடித்தது. குனிந்து எண்ணைப் பார்த்தேன். நான் வெட்டிப்போட்ட டயர்களைவிட அவை பழையவை.

அங்கேயே நின்றுவிட்டேன். நான் முடியாது என்று சொன்னதோடு என் வேலை முடிந்தது என்று நினைத்திருந்தேன். ஆனால் அவருடைய தேவை அப்படியேதான் இருந்தது. என்னிடம் கிடைக்காததை வேறு எங்கோ, இன்னும் மோசமாக, வாங்கியிருக்கிறார்.

அந்த வாரம் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வேளாங்கண்ணிக்குப் போவதாக ஸ்டெல்லா முன்பே சொல்லியிருந்தாள். நேராக அந்தோணியிடம் போனேன். டயரைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை.

"தம்பி, என் வண்டியை எடுத்துக்கிட்டுப் போங்க. உங்க வண்டி எங்க வூட்டுல நிக்கட்டும்."

"என் வண்டிக்கு என்னா கொறை?"

"கொறை சொல்ல வரல. பிள்ளைங்க போறாங்க. என் மனசு கேக்கல."

 ஸ்டெல்லாதான் என் கையிலிருந்து சாவியை வாங்கினாள். "குடுங்கக்கா. வர்றப்ப மெழுகுவத்தி வாங்கியாறேன்" என்று சொல்லிவிட்டு, கணவரின் முகத்தைப் பார்க்காமல் பையில் போட்டுக்கொண்டாள். அவர்களுக்குள் அதற்கு மேல் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. மறுநாள் காலை என் கார் போனது, அவர் கார் எங்கள் வாசலில் நின்றது.

அன்று மத்தியானம் அந்தோணிக்குப் போன் செய்து, வண்டியை ரஹீம் பாயிடம் கொண்டுபோய்க் காட்டட்டுமா என்று கேட்டேன். "காட்டுங்க அண்ணி. ஒண்ணும் இல்லன்னு அவரே சொல்லட்டும்" என்றார். பேச ஆரம்பித்ததே எனக்குப் போதுமாக இருந்தது.

வெயில் கொளுத்திய நேரம். ஊருக்குள் சைக்கிள் வேகத்தில்தான் ஓட்டினேன். ரயில்வே கேட்டுக்கு முன்னால் இருக்கும் மேடு பள்ளத்தில் முன்பக்க இடது சக்கரம் இறங்கி ஏறியது. டப்பென்று ஒரு சத்தம். வண்டி இடப்பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தது. கேட்டில் நின்றிருந்த ஒருவர் பட்டாசு என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தார். இறங்கிப் பார்த்தேன். டயரின் பக்கவாட்டுச் சுவர் ஒரு முழ நீளத்துக்குக் கிழிந்து வாய் திறந்திருந்தது. உள்ளே நூல் நூலாகத் தொங்கியது.

எனக்கு ஒன்றும் ஆகவில்லை. சைக்கிள் வேகத்தில் ஆகவும் ஆகாது. ஆனால் இதே டயரில் அவர்கள் சிதம்பரம் தாண்டி நெடுஞ்சாலையில் வேகமாகப் போயிருப்பார்கள் என்ற நினைப்பு வந்தது. பின் சீட்டில் இரண்டு பிள்ளைகள். கேட்டில் நின்றவரைக் கைகொடுக்கக் கூப்பிட்டேன்.

ஸ்டெப்னி மாட்டிக் கடைக்குக் கொண்டுபோனேன். அவர்கள் திரும்பி வரும்வரை போனில் இதைச் சொல்லவில்லை. நல்லபடியாகப் போயிருக்கிறார்கள், நிம்மதியாகக் கும்பிட்டுவிட்டு வரட்டும்.

அவர்கள் திரும்பிய அன்று அந்தோணி தன் காரின் டிக்கியைத் திறந்தார். கிழிந்த டயர் உள்ளே இருந்தது. அவர் குனிந்து, கிழிசலுக்குள் கையை விட்டார். மணிக்கட்டு வரை உள்ளே போனது. கையை எடுக்காமலே கேட்டார்.

"எங்க கிழிஞ்சிது?"

"நம்ம வூட்டுக்கும் ரயில்வே கேட்டுக்கும் நடுவுல."

 என் கணவர் வாயைத் திறக்கப் பார்த்தார். அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன். பீஸ் உடைந்து கிடக்கும்போது உடைந்தது என்று சொல்லத் தேவையில்லை. ஸ்டெல்லா பிள்ளைகள் இரண்டையும் கிட்ட இழுத்து நிறுத்திக்கொண்டாள்.

மறுநாள் நானும் அந்தோணியுமாகப் பாய் கடைக்குப் போனோம். எனக்குப் போட்ட அதே அகலத்தைத் தனக்கும் கேட்டார். உங்களுக்கு அது வேண்டாம், நான் பீங்கான் ஏற்றுகிறேன், நீங்கள் சாப்பாட்டு கேரியர்தான் ஏற்றுகிறீர்கள், கம்பெனி கொடுத்த சைஸே போதும், மைலேஜும் குறையாது என்றேன். பாய் தலையாட்டினார். அந்தோணி டயர் எண்ணைத் தானே குனிந்து படித்தார்.

5. வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

ரிஜெக்ட் செய்யப் பயப்படாதீர்கள். எத்தனை பேர் முகம் சுளித்தாலும் வெடித்த பீஸ் வெடித்ததுதான். அதை முழுசாக வெளியே விடாதீர்கள். இதை நான் வேலைக்குச் சேர்ந்த காலத்திலேயே கற்றுக்கொண்டேன்.

மீதிப் பாடத்தை டயர் விஷயத்தில்தான் கற்றேன். இப்போதெல்லாம் ஒரு பேட்ச்சை நான் தள்ளினால், அதே மத்தியானம் வார்ப்புப் பிரிவுக்கும் சூளைக்கும் போகிறேன். களிமண் எப்போது வந்தது, எத்தனை நாள் காய்ந்தது, சூட்டை யார் ஏற்றியது என்று கூட உட்கார்ந்து பேசுகிறேன். மாற்று பீஸ் எப்போது தயாராகும் என்று பார்ட்டிக்கு நானே போன் செய்கிறேன். முன்பு என்னைக் கண்டால் பேச்சை நிறுத்துகிற சூளைக்காரர்கள், இப்போது சந்தேகம் வந்தால் அவர்களே பீஸைத் தூக்கிக்கொண்டு என் மேஜைக்கு வருகிறார்கள்.

வேண்டாம் என்று சொல்வதற்கு ஒரு நிமிடம் போதும். சொன்ன பிறகு, எதிரே நின்றவர் வெறுங்கையோடு எந்தப் பக்கம் போகிறார் என்று பாருங்கள். அவரோடு நாமும் கொஞ்ச தூரம் போக வேண்டியிருக்கும்.