காத்தை வெட்ட மாட்டேன்

போன மாதம் அடையாறில் ரத்தப் பரிசோதனைக்காகச் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஸ்பிரிட் தொட்ட பஞ்சை லேப் பொண்ணு கையில் வைத்ததும், ஊசியைப் பார்த்தாலே நடுங்குகிற நான் சிரித்துவிட்டேன். "இன்னா சார், கூசுதா?" என்றாள். அவளிடம் எங்கிருந்து ஆரம்பிப்பது? மற்றவர்களுக்கு அது ஆஸ்பத்திரி வாசனை. எனக்கு அது தி.நகர்.

தொண்ணூறுகளில் பனகல் பார்க் பக்கத்துச் சந்தில் ஒரு பாட்டுப் பதிவுக் கடையில் நான் மெஷின்காரன். கடை திறந்ததும் டேப் டெக்கில் நாடா உரசுகிற ஹெட்டை ஸ்பிரிட் பஞ்சால் துடைப்பதுதான் முதல் பூஜை. ஞாபகம் இருக்கும் உங்களுக்கு: பிடித்த பாட்டுகளைத் துண்டுச் சீட்டில் எழுதி வருவீர்கள், நாங்கள் வெற்றுக் கேசட்டில் ஏற்றித் தருவோம். என் படிப்பு ஒன்பதாவதோடு முடிந்தது, அதுவும் இரண்டு தடவை முடிந்தது. இங்கிலீஷ் சீட்டு வந்தால் நெற்றியைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "கையெழுத்து புரியல சார், வாயால சொல்லுங்க" என்பேன். டைப் அடித்த சீட்டுக்கும் அதையேதான் சொல்வேன்.

முதலாளி அண்ணாச்சி தெற்கத்திக்காரர். அவர் கடையில் இரண்டே சட்டம். பாட்டுக்கு முன்னும் பின்னும் வரும் இரைச்சலை வெட்ட வேண்டும். டேப்பில் இடம் மிஞ்சினால் எதையாவது போட்டு நிரப்ப வேண்டும். உங்கள் வீட்டு பக்திக் கேசட்டின் கடைசியில் திடீரென்று ஒரு கிளப் டான்ஸ் குதித்திருந்தால், அது என் கைவண்ணம்தான்.

அங்கேதான் ஒரு நாள் சேவியர் வந்தான். பட்டினப்பாக்கத்துக்காரன், சரக்குக் கப்பலில் எஞ்சின் ரூம் வேலை. கையில் ஒரு சிடி. அட்டை முழுக்கக் கறுப்பு, நடுவில் ஒரு கிரகம், பின்பக்கம் தாடி நரைத்த வெள்ளைக்காரக் கிழவர்கள். மனுஷன் நிலாவுக்குப் போன காலத்திலேயே விண்வெளி ராக் என்று வாசிக்கத் தொடங்கியவர்களாம். முடி கொட்டியும் விடாமல் புதுசாக ஒரு ஆல்பம் போட்டிருந்தார்கள். இரவல் சிடி, சாயங்காலமே திருப்பித் தர வேண்டும். மறுநாள் கப்பல்.

"மச்சி, பாட்டுக்குப் பாட்டு நடுவுல காத்து அடிச்சிக்கினே கீது பாரு, அத்த மட்டும் வெட்டிடாத. கரையில கேட்டா அது இரைச்சல். நடுக்கடல்ல எஞ்சின் பக்கத்துல குந்திக்கினு கேட்டா அதான் பாட்டு."

அவன் சிடியைக் கொடுத்துவிட்டுப் போனதும் ஹெட்போனை மாட்டினேன். முதலில் காதில்தான் கோளாறு என்று விரலை விட்டுக் குடைந்தேன். ஒரே உறுமல், எங்கோ தூரத்தில் கிடார். ஒரு பாட்டு முடிவதற்குள் காற்று எழுகிறது. அந்தக் காற்றுக்குள்ளிருந்தே அடுத்த பாட்டு முளைக்கிறது. எங்கே வெட்டுவது? பாட்டு எது, வேஸ்ட் எது என்று பிரித்தே பிழைத்தவன் முழித்தேன். இந்தக் கிழவர்கள் மேல் மரியாதை வந்துவிட்டது.

அண்ணாச்சி எட்டிப் பார்த்தார். "ஏல, காத்தை வெட்டு. டேப்பு கோளாறுன்னு திருப்பிக் கொண்டாந்துருவான். மிச்ச இடத்துல ரெண்டு டப்பாங்குத்து போட்டு வுடு."

"வெட்ட மாட்டேண்ணாச்சி."

அந்தக் கடையில் யாரும் அவரிடம் சொல்லாத வார்த்தை அது. "இந்தக் காத்த எவன்ல நின்னு கேப்பான்?"

"தெருவுல நாலு பேர் நின்னா?"

"நிக்கலன்னா நீ மெஷினை விட்டு எறங்கிரணும். பொறவு கடைப் பக்கமே வரப்படாது."

சரி என்றேன். வாய்க்கொழுப்பு. மெஷின் முன்னால் கிடந்த அந்த முக்காலியைத் தவிர உலகத்தில் எங்கேயும் உட்கார எனக்குத் தகுதி கிடையாது. பதிவுப் பொத்தானை அழுத்திவிட்டு, அதே பாட்டைத் தெருவைப் பார்த்த ஸ்பீக்கரிலும் அலறவிட்டேன்.

பூக்கார அக்கா முதலில் வந்தாள். "இன்னா நைனா, மாவு மில்லு தொறந்துட்டியா?"

புடவைப் பையோடு போன மயிலாப்பூர் மாமா ஒருவர் நின்றார். "ஏம்ப்பா, ஸ்டேஷன் பிடிக்கலையோ? இரைஞ்சுண்டே இருக்கே!"

"பாட்டு எப்பப்பா வரும்?" என்றார் ஓர் ஆட்டோக்காரர்.

"வந்துக்கினேதாண்ணே கீது."

"எங்கேர்ந்து, ஆதம்பாக்கத்துலேர்ந்தா? நடந்தா?"

கூட்டம் சிரித்தது. சிரிப்பைக் கேட்டு இன்னும் பத்துப் பேர் சேர்ந்தார்கள். ஒருவருக்கும் பிடிக்கவில்லை. ஒருவரும் நகரவும் இல்லை. ஆல்பம் முடிகிறவரை நின்று, முறை வைத்துத் திட்டினார்கள்.

"பாத்தீங்களாண்ணாச்சி? நின்னாங்க."

"வையறதுக்குல்லாலே நின்னானுவ!"

"நின்னாங்களா, இல்லியா?"

அண்ணாச்சி வாசலைக் காட்டினார். இறங்கினேன். ஆனால் தெருவே நின்று திட்டிய நேரமெல்லாம் டெக் தன் பாட்டுக்கு ஓடி, அத்தனை காற்றையும் வெட்டுப்படாமல் கேசட்டில் ஏற்றிவிட்டிருந்தது. வாசலிலேயே காத்திருந்து சேவியரிடம் சிடியையும் கேசட்டையும் என் கையால் கொடுத்தேன்.

"இன்னா மச்சி, வெளிய குந்திக்கீற?"

"சும்மா, காத்து வாங்கிக்கினு கீறேன்."

அப்புறம் ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு லேத் பட்டறை. அங்கே தினமும் அந்த ஆல்பத்தின் இரைச்சல் இலவசம், கிடார் மட்டும்தான் கிடையாது. வருத்தப்பட்டேனா என்று கேட்காதீர்கள். மறுபடி அந்த முக்காலியைக் கொடுத்தாலும் வெட்ட மாட்டேன்.

கேசட்டும் போச்சு, கடையும் போச்சு. அந்த இடத்தில் இப்போது கண்ணாடி போட்ட நகைக்கடை. போன ஞாயிறு, அட்டைப் படத்தை நான் வாயால் சொல்ல, என் மகள் அந்தக் கிழவர்களை போனில் தேடிக் கொடுத்தாள். சத்தமாக வைத்துக்கொண்டு அந்தச் சந்துக்குள் நடந்தேன். எல்லோர் காதிலும் ஏதோ சொருகியிருந்தது. யாரும் நிற்கவில்லை. திட்டுவதற்குக்கூட ஒருவரும் திரும்பவில்லை.

சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டினேன்.